சாவியும் சான்றுக் கடிதமும்

பள்ளிகளிலும் கல்லூரிகளிலும் பயிலும் மாணவ மாணவியரை எண்ணியே இன்றைய பேச்சை அமைத்துக் கொண்டிருக்கிறேன். மற்றையோரும் கேட்கலாம்; அவர்களுக்கும் பயன்படாமற் போகாது.

கமண்டல நாகநதியின் கரையில் அமைந்த ஆரணி, அரிசிக்கும் பட்டுக்கும் பெயர் பெற்ற ஊர். இங்கே ஒரு தறியில் நெய்யப்பட்ட புடவை, எங்கோ தொலைவிலுள்ள ஒரு நகரத்துக் கடையில் விற்பனைக்கு வருகிறது. வாங்குகிறவர் நெய்தவரைக் கண்டதில்லை. நெய்தவரும் வாங்குகிறவரைக் கண்டதில்லை. பின், இருவருக்குமிடையே நம்பிக்கை எவ்வாறு பிறக்கிறது? இருவரும் ஏற்றுக்கொண்ட மூன்றாமவர் ஒருவர் தரும் சான்றினால் பிறக்கிறது.

மத்தியப் பட்டு வாரியத்தின் முயற்சியால் 2004-ஆம் ஆண்டு 'சில்க் மார்க்' என்னும் முத்திரை வழக்கிற்கு வந்தது. இது தூய பட்டு என்பதற்கு அது சான்று. 2006-ஆம் ஆண்டு கைத்தறி முத்திரை வந்தது. இது கைத்தறியில் நெய்தது என்பதற்கு அது சான்று. ஆரணிப் பட்டு புவிசார் குறியீடும் பெற்றிருக்கிறது. அது பொருள் பிறந்த ஊருக்குச் சான்று. மூன்றும் சான்றுகளே, ஆயினும் ஒன்று சொல்வதை மற்றொன்று சொல்வதில்லை. தூய பட்டு என்று சொல்லும் முத்திரை, அதன் ஜரிகை எத்தகையது என்று சொல்லாது. சான்று எதைச் சொல்கிறதோ அதை மட்டும் அதனிடமிருந்து பெற்றுக்கொள்ள வேண்டும். இந்த ஓர் உண்மையை மனத்தில் இருத்திக்கொண்டால், நான் இன்று பேச வந்த பொருள் எளிதில் விளங்கிவிடும்.

அப்பொருள் யாது? நீங்கள் இணையத்தில் ஒரு செயலியைத் திறக்கிறீர்கள். 'கூகுள் கணக்கின் வழியே நுழைக' என்று ஒரு பொத்தான் தென்படுகிறது. அதை அழுத்தினால், புதிய கடவுச்சொல் ஏதுமின்றி உள்ளே செல்ல முடிகிறது. அந்தச் செயலிக்கு உங்களைத் தெரியாது, கூகுளுக்குத் தெரியும், கூகுள் தரும் சான்றை அது ஏற்றுக்கொள்கிறது. இதனை மூன்றாம் தரப்புக் கணக்கின் வழியே அடையாளம் உறுதிசெய்தல் என்பர். இன்று கணினிக் கல்வி பயிலும் மாணவர் பலர் தாமே செயலிகளை ஆக்குகின்றனர். ஆக்குகிறவர் இந்த வாயிலை எவ்வாறு அமைக்க வேண்டும், எங்கெங்கே விழிப்பாயிருக்க வேண்டும் என்பதே இப்பேச்சின் கருத்து.

ஓர் எடுத்துக்காட்டை வைத்துக்கொள்வோம். நெசவாளர் கூட்டுறவுச் சங்கம் ஒன்று, தன் உறுப்பினர்களுக்கென இணையச் செயலி ஒன்றை அமைக்கிறது என்று கொள்க. எவருக்கு எத்தனை புடவைக்குப் பாவு கொடுக்கப்பட்டது, எத்தனை நெய்து வந்தன, கூலி எவ்வளவு, அக்கூலி எந்த வங்கிக் கணக்கிற்குச் செல்ல வேண்டும் என்பனவெல்லாம் அதில் இருக்கும். ஒரு பட்டுப் புடவை தறியிலிருந்து இறங்கப் பல நாள் உழைப்பு வேண்டும். வேறொருவன் அந்த நெசவாளர் பெயரில் உள்ளே புகுந்து வங்கிக் கணக்கின் எண்ணை மாற்றிவிட்டால், அத்தனை நாள் உழைப்பும் ஒரு நொடியில் பறிபோகும். ஆதலின், வாயிலில் நிற்பவர் யார் என்னும் கேள்வி கணினிக்காரர்களின் பொழுதுபோக்கு அன்று. ஒரு குடும்பத்தின் அடுப்பைப் பற்றிய கேள்வி.

செயலியே கடவுச்சொற்களை வாங்கி வைத்துக்கொண்டால் என்ன என்று நீங்கள் கேட்கலாம். வைத்துக்கொள்ளலாம். ஆனால் அவற்றைக் காக்கும் பொறுப்பும் உடன் வரும். ஒரே கடவுச்சொல்லைப் பத்து இடங்களில் வைப்பது மக்கள் இயல்பு. ஓரிடத்தில் திருட்டுப் போனால் பத்து வீடும் திறந்துகொள்ளும். சிறிய சங்கம் ஒன்றுக்கு அத்தகைய பெட்டகத்தைக் காவல் காப்பது பெருஞ்சுமை.

இதனினும் கேடான வழக்கம் ஒன்று முற்காலத்தில் இருந்தது. இந்நூற்றாண்டின் தொடக்க ஆண்டுகளில் சில இணையத்தளங்கள், "உங்கள் நண்பர்களைத் தேடித் தருகிறோம், உங்கள் மின்னஞ்சலின் கடவுச்சொல்லைக் கொடுங்கள்" என்று கேட்டன. மக்களும் கொடுத்தனர். தபால்காரர் ஒரு கடிதத்தை வைத்துவிட்டுப் போவதற்காக வீட்டுச் சாவியையே அவரிடம் கொடுத்து அனுப்புவது போன்றது இது. சாவி பெற்றவர் கூடத்தோடு நிற்பார் என்பதற்கு என்ன உறுதி? அதைத் திரும்பப் பெறவேண்டுமானால் பூட்டையே மாற்ற வேண்டுமே!

இந்த இடரைத் தீர்க்க எழுந்ததே 'ஓஆத்' என்னும் நெறிமுறை. 2006-ஆம் ஆண்டின் இறுதியில் ட்விட்டர் நிறுவனத்தில் பணியாற்றிய பிளெய்ன் குக் முதலியோர் இதைப் பற்றி ஆராயத் தொடங்கினர்; 2007-இல் முதல் வடிவம் வெளிவந்தது. இரண்டாம் வடிவத்தை இணையப் பொறியியல் பணிக்குழு 2012 அக்டோபரில் வெளியிட்டது. சாவியைக் கொடாமல், இன்ன செயலுக்கு மட்டும், இன்ன காலம் வரைக்கும் என்று எல்லை வகுத்து ஓர் அனுமதிச் சீட்டைக் கொடுப்பதே இதன் உட்பொருள். வேண்டாதபோது அந்தச் சீட்டை மட்டும் செல்லாததாக்கிவிடலாம். பூட்டை மாற்ற வேண்டியதில்லை.

ஆயின், அனுமதிச் சீட்டு வேறு, அடையாளச் சான்று வேறு. தறிக்கூடத்தைத் திறக்க ஒருவருக்கு அனுமதி இருக்கிறது என்பதனால் அவர் இன்னார் என்று ஆகிவிடாது. பட்டு முத்திரையும் கைத்தறி முத்திரையும் வெவ்வேறு என்று முன்னர்க் கண்டோம் அல்லவா? அதுபோன்றதே இது. இவ்வேறுபாட்டை உணர்ந்து, ஓஆத் நெறியின்மேல் 'இவர் இன்னார்' என்று சொல்லும் அடையாளச் சான்றை ஏற்றி அமைத்த முறை, 'ஓபன்ஐடி கனெக்ட்' என்னும் பெயரில் 2014 பிப்ரவரியில் வெளிவந்தது. நம் செயலிக்கு வேண்டியது இதுவே.

இனி, இதனை அமைக்கும் முறையை வரிசையாகக் காண்போம்.

முதலில், சான்று தரும் நிறுவனத்திடம் நம் செயலியைப் பதிவு செய்ய வேண்டும். அப்போது செயலியின் பெயரையும், சான்று வந்துசேர வேண்டிய முகவரியையும் கொடுக்கிறோம். நிறுவனம் நமக்கு ஒரு பதிவெண்ணும், ஓர் இரகசியக் குறியீடும் தரும். பதிவெண்ணை யாவரும் அறியலாம். இரகசியக் குறியீடோ நம் வழங்கிக் கணினியை விட்டு வெளியே வரலாகாது. மாணவர் சிலர் தம் நிரலை யாவரும் காண 'கிட்ஹப்' போன்ற தளங்களில் வைக்கும்போது, அதனுடன் இந்தக் குறியீட்டையும் வைத்துவிடுகின்றனர். அலுவலக முத்திரையைத் திண்ணையில் வைத்துவிட்டுப் போவது போன்ற செயல் அது.

அடுத்து, பயனர் பொத்தானை அழுத்தியதும், அவரைச் சான்று தரும் நிறுவனத்தின் பக்கத்திற்கு அனுப்புகிறோம். அவர் தம் கடவுச்சொல்லை அங்கேதான் இடுகிறார். நம் செயலி அதைக் காண்பதே இல்லை. "இந்தச் செயலி உங்கள் பெயரையும் மின்னஞ்சல் முகவரியையும் கேட்கிறது, தரலாமா?" என்று நிறுவனம் அவரைக் கேட்கும். அவர் இசைந்தால், ஒரு சிறு குறியீட்டுடன் அவரை நம்மிடம் திருப்பி அனுப்பும்.

இங்கே ஒரு நுட்பம் இருக்கிறது. அந்தக் குறியீடு பயனரின் உலாவி வழியே, அதாவது அவர் கைப்பட வருகிறது. அதை அப்படியே சான்றாகக் கொள்ளலாகாது. ஏன் என்பதை என் தொழிலிலிருந்தே சொல்கிறேன்.

நான் ஆரணியில் பல்லாண்டுகள் ஆசிரியனாகவும் பின்னர்த் தலைமையாசிரியனாகவும் இருந்தவன். என் மாணவர் அரசுப் பணியில் சேரும்போது, அவர்கள் காட்டிய மதிப்பெண் சான்றிதழோடு அலுவலகத்தார் நின்றுவிடுவதில்லை. சான்றிதழின் உண்மைத்தன்மையை அறிய, அதை வழங்கிய அரசுத் தேர்வுகள் துறைக்கே எழுதுவர். மாற்றுச் சான்றிதழில் ஐயமெழுந்தால் பள்ளிக்கு எழுதுவர். சேர்க்கைப் பதிவேட்டைப் புரட்டிப் பார்த்து, பெயரும் பிறந்த நாளும் பொருந்துகின்றனவா என்று மறுமொழி விடுப்பது என் கடமைகளுள் ஒன்றாயிருந்தது. மாணவன்மேல் எவருக்கும் பகை இல்லை. சான்று அவன் கைவழியே வந்தது. ஆதலின் வழங்கியவரிடமே கேட்டுத் தெளிகின்றனர். அவ்வளவுதான்.

இணையத்திலும் அவ்வாறே. நம் வழங்கிக் கணினி, வந்த குறியீட்டையும் தன் இரகசியக் குறியீட்டையும் எடுத்துக்கொண்டு, சான்று தரும் நிறுவனத்திடம் நேரே செல்கிறது. இருபுறமும் சரிபார்த்த பின்னரே அடையாளச் சான்று அதன் கைக்கு வருகிறது. இடையில் வந்த குறியீடு ஒரே ஒரு முறைதான் செல்லும். அதன் ஆயுள் 10 நிமிடத்திற்கு மேற்படாதிருத்தல் நன்று என்று 2012-ஆம் ஆண்டின் நெறித்தொகுப்பு கூறுகிறது.

வழியில் எவனாவது அந்தக் குறியீட்டைக் கவர்ந்துகொண்டால்? அதற்கும் 2015-ஆம் ஆண்டில் ஒரு வழி வகுத்தனர். புறப்படும்போதே நம் செயலி ஓர் இரகசிய எண்ணை உண்டாக்கி, அதிலிருந்து கணக்கிட்ட மற்றோர் எண்ணை மட்டும் நிறுவனத்திடம் கொடுத்துவைக்கிறது. சான்றைப் பெறச் செல்லும்போது மூல எண்ணைக் காட்ட வேண்டும். ஒரு சீட்டை இரண்டாகக் கிழித்து, பாதியை அங்கே வைத்துவிட்டு, மறுபாதியைத் தன் மடியில் முடிந்துகொண்டு வருவதைப் போன்றது இது. இரு பாதியும் பொருந்தினால்தான் சான்று கிடைக்கும். குறியீட்டைத் திருடியவனிடம் மறுபாதி இராது. மேலும், சான்று வந்துசேரும் முகவரி, பதிவு செய்த முகவரியோடு எழுத்துக்கு எழுத்து ஒத்திருக்க வேண்டும் என்று 2025 ஜனவரியில் வெளியான பாதுகாப்பு நெறித்தொகுப்பு வற்புறுத்துகிறது.

சான்று கைக்கு வந்துவிட்டது. இனித்தான் நம் கடமை தொடங்குகிறது. சிலப்பதிகாரத்தை நினைவுகூருங்கள். பாண்டியன் நெடுஞ்செழியன் கொடியவன் அல்லன். பொற்கொல்லன் சொல்லை நம்பினான். கோவலன் கையிலிருந்த சிலம்பைத் தீர ஆராயாமல் ஆணையிட்டான். தேவியின் சிலம்பில் இருந்தது முத்து; கண்ணகியின் சிலம்பில் இருந்தது மாணிக்கம். உடைத்துப் பார்த்த பின்னர் உண்மை விளங்கியது. ஆனால் அதற்குள் ஓர் உயிர் போயிற்று. சோதிக்கும் வழி இருந்தது. உரிய காலத்தில் சோதிக்கவில்லை என்பதே அங்கு நேர்ந்த பெரும்பிழை.

அடையாளச் சான்றில் நாம் சோதிக்க வேண்டியவை ஐந்து. முதலாவது, கையொப்பம் மெய்யானதா என்பது. நிறுவனம் யாவரும் அறிய வெளியிட்டுள்ள திறவுகோலைக் கொண்டு இதனைக் கணினி சரிபார்க்கும். இரண்டாவது, சான்றை வழங்கியவர் நாம் நம்பிய நிறுவனந்தானா என்பது. மூன்றாவது, அது நம் பெயருக்கு எழுதப்பட்டதா என்பது. வேறோர் அலுவலகத்துக்கு எழுதிய கடிதத்தை நம்மிடம் காட்டினால் நாம் ஏற்பதில்லை. அவ்வாறே வேறொரு செயலிக்குத் தந்த சான்றையும் ஏற்கலாகாது. நான்காவது, அதன் காலம் கடந்துவிட்டதா என்பது. ஐந்தாவது, நாம் இப்போது கேட்ட கேள்விக்கு வந்த விடைதானா, அன்றி எப்போதோ வந்த பழைய விடையா என்பது. இதற்காகவே கேட்கும்போது ஒரு புதிய எண்ணைச் சேர்த்து அனுப்புகிறோம். அதே எண் சான்றில் திரும்பி வரவேண்டும். இவ்வைந்தையும் நாமே புதிதாக எழுத முயல்வதைவிட, பலர் ஆராய்ந்து தேர்ந்த நிரல் தொகுப்புகளைப் பயன்படுத்துவதே அறிவுடைமை.

சோதனைகள் முடிந்தபின், பயனரை எப்பெயரால் நம் பதிவேட்டில் எழுதுவது? பலர் மின்னஞ்சல் முகவரியால் எழுதுகின்றனர். இது தவறு. முகவரி மாறக்கூடியது, ஒருவர் விட்டுச் சென்ற முகவரி சிலவிடங்களில் மற்றொருவருக்குப் போகவும் கூடும். நிறுவனம் ஒவ்வொரு பயனருக்கும் மாறாத எண் ஒன்றைத் தருகிறது. அதையே பதிய வேண்டும். பள்ளிப் பதிவேட்டில் ஒரே பெயருடைய மாணவர் நால்வர் இருந்தாலும் சேர்க்கை எண் ஒருவருக்கு ஒன்றுதானே! இரு கணக்குகளில் ஒரே மின்னஞ்சல் முகவரி இருப்பதைக் கண்டதும் இரண்டையும் தானாகவே ஒன்றாக்கிவிடுவதும் ஆபத்து. முதற்கணக்கின் வழியே உள்ளே வந்தவர், தாமே இசைந்து இரண்டாவதை இணைக்குமாறு செய்ய வேண்டும்.

சான்று தரும் நிறுவனமே தவறினால் என் செய்வது? அதுவும் நடந்திருக்கிறது. 2018 செப்டம்பரில் ஃபேஸ்புக் நிறுவனத்தின் நிரலில் இருந்த குறைகளைப் பயன்படுத்தி, ஏறத்தாழ 3 கோடிப் பேரின் அனுமதிச் சீட்டுகளைத் திருடர் கவர்ந்தனர். அவற்றைக் கொண்டு பிற செயலிகளில் எவரும் நுழைந்ததாகச் சான்று இல்லை என்று அந்நிறுவனம் பின்னர் அறிவித்தது. 2020-ஆம் ஆண்டில் பவுக் ஜெயின் என்னும் இந்திய ஆய்வாளர், ஆப்பிள் நிறுவனத்தின் முறையில் ஒரு குறையைக் கண்டுபிடித்தார். எவருடைய மின்னஞ்சல் முகவரியைக் கொடுத்துக் கேட்டாலும், 'இவர் அவரே' என்று அந்நிறுவனத்தின் மெய்யான கையொப்பத்துடனேயே சான்று கிடைத்தது! ஆப்பிள் குறையைத் திருத்தி அவருக்கு 1,00,000 டாலர் பரிசளித்தது. தன் பதிவுகளை ஆராய்ந்ததில் முறைகேடு எதுவும் தென்படவில்லை என்றும் கூறியது. முறைகேடு செய்யாமல் முறையாகத் தெரிவித்த அந்த இளைஞரின் நேர்மை, மாணவர்கள் பின்பற்றத் தக்கது.

இவற்றிலிருந்து நாம் அறிவது யாது? பெரிய நிறுவனம் என்பதனால் பிழை நேராதிருக்கும் என்று எண்ணலாகாது. ஆதலின் கூலியைப் பார்ப்பதற்கு ஒரு சான்று போதுமென்றாலும், வங்கிக் கணக்கின் எண்ணை மாற்றுவதற்கு மீண்டும் ஒருமுறை கேட்டுத் தெளிய வேண்டும். நெசவாளரின் கைப்பேசிக்கு ஒரு செய்தி அனுப்பலாம். சங்க அலுவலகத்தில் ஒருவர் நேரில் பார்த்து ஒப்புதல் தரலாம். 'இவர் யார்' என்று மூன்றாமவர் சொல்லலாம். 'இவர் இதைச் செய்யலாமா' என்பதை நாம்தான் முடிவு செய்ய வேண்டும்.

மற்றொன்றையும் எண்ணுங்கள். நெசவாளர் வீட்டில் நால்வருக்கும் சேர்த்து ஒரு கைப்பேசி இருக்கலாம். வயது முதிர்ந்த அம்மையார் ஒருவருக்கு எந்தக் கணக்கும் இல்லாமலிருக்கலாம். சில சமயம் பெரிய நிறுவனம் ஒருவருடைய கணக்கை முடக்கிவிடலாம். ஒரே வாயில் உள்ள வீட்டில் அந்த வாயில் அடைபட்டால், வீட்டுக்காரரே தெருவில் நிற்க நேரும். ஆதலின் இரண்டாவது வாயில் ஒன்று இருத்தல் வேண்டும். அந்த அம்மையார் சங்கத்திற்கு நேரில் வந்து தம் கணக்கைப் பார்க்கும் வழியும் திறந்தே இருக்கவேண்டும். கருவி வந்தது என்பதற்காக மனிதரைப் புறந்தள்ளலாகாது.

நம் நாட்டிலும் அரசு இத்துறையில் இறங்கியிருக்கிறது. 2015-ஆம் ஆண்டு 'டிஜிலாக்கர்' தொடங்கப்பட்டது. மாணவர் தம் மதிப்பெண் சான்றிதழை, வழங்கிய துறையிடமிருந்தே மின்வடிவில் அதன் வழியே பெற முடிகிறது. 2022-ஆம் ஆண்டு 'மேரி பெஹசான்' என்னும் பெயரில், ஒரே அடையாளத்தைக் கொண்டு பல அரசுச் சேவைகளுள் நுழையும் வழியும் வந்தது.

வசதி பெருகும்போது ஒரு விலையும் உண்டு. நீங்கள் எந்த வாயிலில், எந்த நேரத்தில் நுழைகிறீர்கள் என்பதைச் சான்று தருபவர் அறிந்துகொள்கிறார். தனிமறை காப்பது அடிப்படை உரிமை என்று உச்ச நீதிமன்றம் 2017 ஆகஸ்டில் தீர்ப்பளித்தது. 2023-ஆம் ஆண்டு நாடாளுமன்றம் நிறைவேற்றிய தரவுப் பாதுகாப்புச் சட்டம், சொன்ன நோக்கத்திற்குத் தேவையான தகவலுக்கு மட்டுமே இசைவு பெறலாம் என்று வகுக்கிறது. நெசவாளரின் கணக்கைக் காட்டும் செயலிக்கு அவருடைய நண்பர்களின் பட்டியல் எதற்கு? செயலியை ஆக்குகிறவர் வேண்டியதை மட்டும் கேட்கட்டும். பயன்படுத்துகிறவர் 'சம்மதம்' என்ற பொத்தானை அழுத்துமுன் என்ன கேட்கப்படுகிறது என்று படிக்கட்டும். பொது இடத்துக் கணினியில் நுழைந்தவர், செயலியிலிருந்து வெளியேறினால் மட்டும் போதாது. கூகுள் முதலிய கணக்கிலிருந்தும் வெளியேற வேண்டும். ஒன்றிலிருந்து வெளியேறினால் மற்றதும் தானே மூடிக்கொள்ளும் என்பதற்கு உறுதியில்லை.

மாணவச் செல்வங்களே, நாளை நீங்கள் ஆக்கப்போகும் செயலிகளின் வாயிலில் முகமறியாத மக்கள் வந்து நிற்பார்கள். அவர்களுடைய சாவியை வாங்காதீர்கள். சான்றுக் கடிதத்தை வாங்குங்கள். வாங்கிய கடிதத்தைப் படித்து, கையொப்பமும் பெயரும் காலமும் பொருந்துகின்றனவா என்று பாருங்கள். கடிதத்தில் இல்லாததை அதில் இருப்பதாகக் கொள்ளாதீர்கள். சான்று தருவதைப் பிறரிடம் விடலாம். அதைச் சோதித்து ஏற்கும் கடமையை எவரிடமும் விட்டுவிட முடியாது. அக்கடமையை நீங்கள் செவ்வனே செய்தால், உழைத்தவரின் கூலி உழைத்தவர் கைக்கே போய்ச் சேரும்.